லண்டன் சம்பளத்தை நானூறால் பெருக்கும் முன்

மாவனல்லையில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். கையில் மகனுக்கு லண்டனிலிருந்து வந்த வேலைக் கடிதம். வருடச் சம்பளம் 42,000 பவுண். கடையின் பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் அவர் ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மாதம் 3,500 பவுண், பவுணுக்கு நானூறு ரூபா வீதம் பதினான்கு இலட்சம். "மகன், மருமகள், பேரப்பிள்ளை மூணு பேரும் போகப் போறாங்க. ஆரம்பச் செலவுக்கு அந்த இருபது பேர்ச் காணியை வித்திடலாம்னு இருக்கேன். ரெண்டு வருஷத்தில மகன் அதைவிடப் பெரிய காணி வாங்கித் தந்திருவான்தானே?" என்று கேட்டார்.

காணி விற்பது பற்றி யோசனை கேட்டுத்தான் அவர் வந்தார். ஆனால், அவருடைய தாளில் வரவு மட்டுமே இருந்தது, செலவுப் பக்கம் வெறுமையாக இருந்தது. தன் கடையில் ஒரு மூடை சீமெந்துக்குக்கூட லொறிக் கூலி, இறக்கு கூலி எல்லாம் சேர்த்துக் கிரயம் பார்க்கும் மனிதர், மகனின் விடயத்தில் மட்டும் விற்பனை விலையையே இலாபமாக எண்ணிவிட்டார். நம்மவர்களில் பலர் செய்யும் தவறு இது. ஆகவே அன்று அவருடன் உட்கார்ந்து போட்ட கணக்கையே இங்கு வாசகர்களுக்கும் தருகிறேன். கட்டணங்கள் 2025ஆம் ஆண்டின் நிலவரப்படியானவை. அங்கு பல கட்டணங்கள் ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் மாறுவதால், பயன்படுத்தும்போது புதிய தொகையைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். நாணய மாற்று வீதத்தை இலகுவுக்காக 400 ரூபா என்றே வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு விடயம். "உலகில் செலவு கூடிய நகரங்கள்" என்று பத்திரிகைகளில் வரும் பட்டியல்களை நம்பி யாரும் தீர்மானம் எடுக்க வேண்டாம். மேர்ஸர் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் லண்டன் எட்டாவது இடத்தில் இருந்தது. சூரிச், ஜெனீவா, பாசல், பேர்ன் ஆகிய நான்கு சுவிஸ் நகரங்களும் அதற்கு மேலே இருந்தன. இப்பட்டியல்கள் பெரிய கம்பனிகள் தமது முகாமையாளர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்காகத் தயாரிக்கப்படுபவை. அந்த முகாமையாளரின் வீட்டு வாடகையைப் பெரும்பாலும் கம்பனி பார்த்துக் கொள்ளும். நம்முடைய பிள்ளையின் வாடகையை அவனேதான் கட்ட வேண்டும். லண்டன் கணக்கில் முக்கால்வாசிக் கதை வாடகைதான்.

கையில் வருவது எவ்வளவு?

42,000 பவுண் என்பது கடிதத்தில் இருக்கும் தொகை. இதில் முதல் 12,570 பவுணுக்கு வருமான வரி இல்லை. மிகுதி 29,430 பவுணுக்கு 20 வீத வரி, அதன் மேல் 8 வீதம் தேசிய காப்புறுதி. இரண்டும் சேர்ந்து மாதம் 687 பவுண் சம்பளம் கையில் வரும் முன்பே கழிக்கப்பட்டுவிடும். மிஞ்சுவது 2,813. ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியரை முதலாளி தானாகவே சேர்த்துவிடுவார். அதற்கு இன்னும் ஏறத்தாழ 120 பவுண் போகும். விரும்பினால் விலகிக் கொள்ளலாம், ஆனால் விலகினால் முதலாளி தன் பங்காகப் போடும் தொகையும் போய்விடும். ஆக, வங்கிக்கு வரும் தொகை 2,690 பவுண் அளவில்.

நண்பரின் பதினான்கு இலட்சம் இங்கேயே பத்து இலட்சத்து எழுபத்தாறாயிரமாக இறங்கிவிட்டது. இன்னும் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

42,000 என்ற சம்பளம் அங்கு பெரிய உத்தியோகத்துக்குரியது என்றும் எண்ணிவிடக் கூடாது. திறன்சார் தொழிலாளர் விசாவுக்கான பொதுவான சம்பள எல்லையே 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுணாக உயர்த்தப்பட்டது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் போன்ற சிலருக்குக் குறைந்த எல்லையும் உண்டு. அதாவது நண்பரின் மகன் வாசற்படிக்குச் சற்று மேலே நிற்கிறார், அவ்வளவுதான்.

முப்பதால் வகுத்துப் பாருங்கள்

லண்டனில் வீட்டு முகவர்கள் ஒரு எளிய வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். வருடச் சம்பளத்தை முப்பதால் வகுத்தால் வரும் தொகையே உங்களுக்குத் தரக்கூடிய ஆகக் கூடிய மாத வாடகை. இது சட்டமல்ல, வழக்கம். ஆனால், பெரும்பாலான முகவர்கள் இதை விட்டுக் கொடுப்பதில்லை. 42,000ஐ முப்பதால் வகுத்தால் 1,400. 2025இன் நடுப்பகுதியில் லண்டனின் சராசரித் தனியார் வாடகை மாதம் 2,200 பவுணைத் தாண்டியிருந்தது. எனவே நகரின் சராசரி வீட்டை இந்தச் சம்பளத்துக்குத் தரவே மாட்டார்கள். இல்போர்ட், குரொய்டன் போன்ற வெளிப் பகுதிகளில் ஒரு படுக்கையறை வீடொன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நம் ஊரில் கடை எடுக்கும்போது கீ மணி என்று இலட்சக்கணக்கில் கொடுக்கிறோமே, அந்த வழக்கம் அங்கு இல்லை. வைப்புப் பணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது 2019இல் வந்த சட்டம் (வருட வாடகை ஐம்பதாயிரம் பவுணுக்குக் குறைந்த வீடுகளுக்கு). முகவர் கட்டணமும் அதே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1,400 பவுண் வாடகைக்கு ஐந்து வாரம் என்றால் 1,615 பவுண். வீட்டுக்காரர் இதைத் தன் சட்டைப் பையில் போட்டுக் கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாட்களுக்குள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வைப்புப் பணத்தின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை குடியிருப்பாளருக்கு நட்டஈடாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது தெரியாமல், தெரிந்தவரின் தெரிந்தவர் என்று கைக்காசாகக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற முடியாமல் தவித்த நம்மவர்கள் உண்டு. இரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

புதிதாகப் போகிறவருக்கு அந்நாட்டில் கடன் வரலாறு இருக்காது. முன்பெல்லாம் அதற்குப் பதிலாக ஆறு மாத வாடகையை முற்கூட்டியே கேட்பார்கள். 2025இல் நிறைவேறிய வாடகைக் குடியிருப்பாளர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. பணம் குறைந்தவருக்கு இது நன்மை. ஆனால், உத்தரவாதம் தரக்கூடிய உறவினர் அங்கு இல்லாதவருக்கு, "ஆறு மாதம் தருகிறேன், வீட்டைத் தாருங்கள்" என்று பேரம் பேசும் வழியும் அடைபடுகிறது. வியாபாரிகளுக்கு இது புரியும், ரொக்கத்துக்கு இருந்த மதிப்பு இனி இல்லை.

வாடகையோடு முடிவதில்லை. கவுன்சில் வரி என்று ஒன்று உண்டு. நம்மூரில் மாநகர சபை வரியை வீட்டுச் சொந்தக்காரர் கட்டுவார். அங்கு குடியிருப்பவரே கட்ட வேண்டும். 1991ஆம் ஆண்டின் வீட்டுப் பெறுமதியை வைத்து எட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், பணக்காரப் பகுதியான வெஸ்ட்மின்ஸ்டரில் இந்த வரி நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. குரொய்டனில் அதே வகுப்பு வீட்டுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். வாடகை மலிவு என்று தூரத்துக்குப் போகிறவர் இந்த வரியையும் சேர்த்துத்தான் வாடகையை ஒப்பிட வேண்டும். வீட்டில் வளர்ந்தவர் ஒருவர் மட்டும் என்றால் 25 வீதம் கழிவு உண்டு. முழுநேர மாணவர்கள் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. ஆனால் இவற்றைக் கேட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

தூரமா, வாடகையா?

லண்டன் போக்குவரத்து வட்ட வட்டமான வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. நடுவில் முதலாம் வலயம், வெளியே போகப் போக இலக்கம் கூடும். 2025 மார்ச் கட்டணத்தின்படி முதலாம், இரண்டாம் வலயங்களுக்குள் ஒரு நாளுக்குப் பிடிக்கப்படும் உச்சத் தொகை 8.90 பவுண். ஆறாம் வலயம் வரை என்றால் 16.30. எத்தனை முறை ரயில் ஏறினாலும் அன்றைக்கு அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள்.

இதை ஒரு கடைக்கு இடம் தேடுவது போல் பாருங்கள். ஆறாம் வலயத்தில் வாடகை மாதம் 300 பவுண் குறைவு என்று வைப்போம். தினமும் நகர மத்திக்கு வேலைக்குப் போனால் ஒரு நாளுக்கு 7.40 பவுண் கூடுதல். மாதம் இருபது நாளைக்கு 148 பவுண். அப்படியானால் உண்மையான மிச்சம் 152 மட்டும். மனைவியும் வேலைக்குப் போனால் கூடுதல் செலவு 296. மிச்சம் நான்கு பவுண்! அதற்காக இருவரும் தினமும் எவ்வளவு நேரத்தை ரயிலில் கழிப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்கு அமையச் செலவு என்ற பாடம் ஞாபகம் இருக்கும். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பஸ் மலிவு. 2025இல் ஒரு பயணம் 1.75 பவுண். முதல் பஸ்ஸில் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்களில் மாறினாலும் அதே காசுதான். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது. கார் வாங்கும் ஆசையை முதல் வருடத்தில் தள்ளி வைப்பதே புத்தி. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டுமே செல்லும், அதை அந்நாட்டு அனுமதிப்பத்திரமாக மாற்றவும் முடியாது. நகர மத்திக்குள் போனால் நெரிசல் கட்டணம், பழைய இயந்திரமென்றால் நகரம் முழுவதிலும் நாளொன்றுக்கு 12.50 பவுண் புகைக் கட்டணம், இவற்றுக்கு மேல் காப்புறுதி.

மலிவாகக் கிடைப்பவையும் உண்டு

எல்லாமே நெருப்பு விலை என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. சாப்பாட்டுச் சாமான் லண்டனில் சம்பளத்தோடு ஒப்பிடும்போது மலிவு. அங்கு வற் வரி 20 வீதம், ஆனால் பெரும்பாலான உணவுப் பொருட்களுக்கும் பிள்ளைகளின் உடுப்புகளுக்கும் அது பூச்சியம். அதே உணவைச் சூடாகச் சமைத்துக் கடையில் விற்றால் 20 வீதம் வந்துவிடும். (இந்த வேறுபாடு வியாபாரிகளை நீதிமன்றம் வரை இழுத்திருக்கிறது. ஜாஃபா கேக் என்ற இனிப்பு கேக்கா, சொக்லட் பூசிய பிஸ்கட்டா என்று 1991இல் தீர்ப்பாயத்தில் வாதாடி, கேக் என்று தீர்ப்பு வாங்கி வரியிலிருந்து தப்பினார்கள்.) ஆகவே வீட்டில் சமைத்து உண்ணும் குடும்பத்துக்கும் வெளியில் வாங்கி உண்ணும் குடும்பத்துக்கும் மாத முடிவில் பெரிய வித்தியாசம் தெரியும். ஹலால் இறைச்சிக் கடைகளுக்குக் குறைவில்லை. கிறீன் ஸ்ட்ரீட், வைட்சப்பல், சவுத்ஹோல் பக்கங்களில் வரிசையாகவே இருக்கின்றன.

அரசாங்கப் பாடசாலையில் கல்வி இலவசம். 2023 செப்டெம்பர் முதல் லண்டன் அரச ஆரம்பப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவும் இலவசமாக்கப்பட்டது. பாடசாலை வயது வராத பிள்ளை என்றால்தான் கணக்கு தலைகீழாகும். முழுநேரப் பராமரிப்பு நிலையத்துக்கு வாரம் 300 பவுணைத் தாண்டுவது சாதாரணம். நண்பரின் பேரப்பிள்ளைக்கு ஏழு வயது. அந்த வகையில் அவர் தப்பினார்.

ஆனால், வைத்தியம் இலவசம் என்று சொல்வதில் ஒரு மறைப்பு இருக்கிறது. விசா விண்ணப்பத்தோடு சேர்த்து சுகாதார மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பெப்ரவரி முதல் வளர்ந்தவருக்கு வருடம் 1,035 பவுண், பிள்ளைக்கு 776. இதை வருடா வருடம் அல்ல, விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை என்றால் 8,538 பவுண். நம் காசில் 34 இலட்சத்துக்கும் மேல். விசாக் கட்டணம் தனி, விமான டிக்கட் தனி. சுகாதார மற்றும் பராமரிப்புத் தொழிலாளர் விசாவில் போகிறவர்களுக்கு மட்டும் இது இல்லை.

இன்னொரு செலவையும் சிலர் தாளில் எழுதுகிறார்கள். அது எழுதவே கூடாத செலவு. விசாவுக்கான அனுசரணைச் சான்றிதழுக்கு என்று தரகர்கள் இலட்சக்கணக்கில் கேட்கிறார்கள். 2024 டிசெம்பர் 31 முதல் திறன்சார் தொழிலாளர்களுக்கான சான்றிதழின் கட்டணத்தை முதலாளி தொழிலாளியிடம் அறவிடுவதே தடை. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசு பகிரங்கமாக வெளியிடுகிறது. கம்பனியின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நண்பரின் மகனுடைய கம்பனி இருந்தது.

மாத முடிவில்

இவ்வளவையும் சொல்லிவிட்டு நண்பரின் தாளைத் திருப்பி, செலவுப் பக்கத்தை எழுதினேன். மதிப்பீடுதான், ஆனால் கையை இறுக்கிப் போட்ட மதிப்பீடு. வாடகை 1,400. கவுன்சில் வரி 150. மின்சாரமும் எரிவாயுவும் 120. 2025 ஒக்டோபரில் ஒரு சாதாரண வீட்டுக்கு வருடம் 1,755 பவுண் என்று ஒழுங்குபடுத்தும் சபை கணித்திருந்தது, இது சிறிய வீடு என்பதால் குறைத்தேன். தண்ணீர், இணையம், தொலைபேசி 90. மகனின் போக்குவரத்து 200. மூன்று பேருக்கும் சாப்பாடு 450. மொத்தம் 2,410 பவுண்.

2,690இல் 2,410 போனால் 280. இதில் சுகாதாரக் கட்டணமான 8,538ஐ முப்பத்தாறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 237. அதையும் கழித்தால் 43 பவுண். நம் காசில் பதினேழாயிரத்து இருநூறு ரூபா.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சப்பாத்து, மழைக் கோட்டு ஒண்ணும் எழுதல்லையே நானா" என்றார். எழுதவில்லைதான்.

அதே மகன் தனியாகப் போய், கட்டணங்கள் எல்லாம் அடங்கிய அறை ஒன்றை 800 பவுணுக்கு எடுத்தால்? போக்குவரத்து 200, சாப்பாடு 250, தொலைபேசி 20. மொத்தம் 1,270. தன்னுடைய சுகாதாரக் கட்டணத்தின் மாதப் பங்கான 86ஐயும் கழித்தால் 1,330 பவுண் அளவில் மிஞ்சும். ஐந்து இலட்சத்து முப்பதாயிரம் ரூபா. ஒரே சம்பளம், ஒரே நகரம். வித்தியாசம் நிலையான கிரயத்தில் இருக்கிறது. ரூபாவாக மாற்ற வேண்டியது இந்த மிச்சத்தைத்தான். லண்டனில் செலவாகும் பவுணுக்கு கொழும்பு நாணய மாற்று வீதம் பொருந்தாது.

மருமகள் வேலைக்குப் போனால் கணக்கு மீண்டும் மாறும். அந்த விசாவில் வருகிற துணைவிக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. 2025 ஏப்ரல் முதல் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுண். வாரம் 25 மணித்தியாலம் செய்தால் வரி போக மாதம் 1,200க்குச் சற்று மேல் கையில் வரும். குடும்பத்தோடு லண்டனில் நிற்கும் நம்மவர்களில் பெரும்பாலானோரின் கணக்கு இந்த இரண்டாவது சம்பளத்தால்தான் சமநிலைப்படுகிறது. அது கிடைக்கும் வரை தாக்குப் பிடிக்கும் தொழிற்படு மூலதனம் கையில் இருக்க வேண்டும். வேலை வழங்குநர் பொறுப்பேற்காவிட்டால் 1,270 பவுண் கையிருப்பு காட்டு என்று விசா விதி கேட்கிறது. துணைவிக்கும் பிள்ளைக்கும் இன்னும் அறுநூறு. அந்தத் தொகை முதல் மாத வாடகைக்கும் வைப்புப் பணத்துக்குமே காணாது. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதையும் சேர்த்தால், வீடு எடுப்பதற்கு மட்டும் 4,500 பவுண் இல்லாமல் குடும்பத்தோடு போய் இறங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மாணவர் விசாவில் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வரி. லண்டனில் படிக்க மாதம் 1,529 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்குப் பணம் காட்ட வேண்டும் என்று 2025 நவம்பரில் விதித்தார்கள். பல்கலைக்கழகக் கட்டணம் வேறு. தவணைக் காலத்தில் அனுமதிக்கப்படும் வாரம் 20 மணித்தியால வேலைக்கு ஆகக் குறைந்த சம்பளப்படி வருவது மாதம் 1,060 பவுண் அளவில். அந்த அரசாங்கத்தின் சொந்தக் கணக்கிலேயே மாதம் 470 பவுண் துண்டு விழுகிறது. "போய்ச் சேர்ந்தால் வேலை செய்து படித்துக் கொள்வான்" என்று சொல்லும் முகவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பதில் கேளுங்கள்.

நண்பர் அன்று அஸருக்குப் பிறகு மகனோடு தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினார். மகன் முதலில் தனியாகப் போவது, ஒரு வருடம் அறையில் இருந்து சேமித்து வீட்டுக்கு வழி செய்வது, அதன் பின் மருமகளும் பேரப்பிள்ளையும் விண்ணப்பிப்பது என்று பேசிக் கொண்டார்கள். பின்னர் போகிறவர்களுக்கு எஞ்சிய விசாக் காலத்துக்கு மட்டுமே சுகாதாரக் கட்டணம் வரும் என்பதால் அதிலும் மிச்சம். மருமகளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வருடப் பிரிவுக்கு எத்தனை பவுண் என்று நான் எந்த வரியிலும் எழுதவில்லை, எழுதவும் தெரியவில்லை.

காணி இன்னும் விற்கப்படவில்லை. பில் தாளை நண்பர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு எழும்பினார். வாசலில் நின்று, "முப்பதால வகுக்கணும்னு சொன்னீங்களே, அது சம்பளத்தையா, கையில வாறதையா?" என்று மறுபடி கேட்டார். கடிதத்தில் உள்ள சம்பளத்தை என்றேன். அதையும் தாளில் குறித்துக் கொண்டார்.